பனங்குத்திப் பீரங்கி

கட்டுக்கரைக் குளத்தை நம்பி வயல் செய்த ஊர்களில் தச்சன் ஏரம்புவின் கைபடாத கதவுநிலை குறைவு. சண்டை மன்னார்ப் பெருநிலத்துக்குள் நெருங்கி வந்த வருசம், இயக்கப் பொடியள் இரண்டுபேர் அவருடைய பட்டறைக்கு வந்து ஒரு பீரங்கிப் படத்தைக் காட்டினார்கள்.

"இதை மரத்தில செய்து தருவீங்களோ அண்ணை? மேலால பாக்கிறவனுக்கு உண்மையெண்டு தெரியவேணும்."

குண்டு பொய்யில் விழுந்தால் மெய் தப்பும் என்பது அவர்களின் கணக்கு. மறுத்துப் பேசுகிற காலமில்லைதான். ஆனால் ஏரம்புவுக்கு மறுக்க மனமும் வரவில்லை. எல்லாச் சனமும் ஓடிக்கொண்டிருந்ததில், உளி பிடித்தே மாசக்கணக்காகியிருந்தது.

பனைமரத்தில் அறுத்தெடுத்த குத்தியைக் குடைந்து குழாயாக்கினார். பழைய வண்டிச் சில்லு இரண்டைப் பூட்டி, கழிவு ஒயிலில் கரியைக் குழைத்துப் பூசினார். ஊருக்கு வெளியே, பாலை மரங்களுக்குள் அதை நிறுத்தி வலையால் மூடினார்கள். ஏரம்பு தள்ளிநின்று பார்த்தார்.

"முழுக்க மூடினா நம்பமாட்டாங்கள் தம்பி. மறைக்கப் பாத்து மறந்துபோனமாதிரி, வாயைக் கொஞ்சம் வெளியில விடுங்கோ."

அது அவர் சொந்த யோசனை.

இரண்டு நாள் வேவு விமானம் மேலே வண்டுபோல இரைந்தது. மூன்றாம்நாள் காலை குண்டு விழுந்தது. "நல்லா ஏமாந்திட்டாங்கள்!" என்று ஒருவன் ஓடிவந்து ஏரம்புவின் கையைக் குலுக்கினான். பின்னேரம்தான் மற்றச் செய்தி வந்தது. பாலை மரங்களுக்குப் பின்னால் இருந்த நெற்கொட்டிலில், வங்காலையிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பமொன்று முதல்நாள்தான் வந்து தங்கியிருக்கிறது. கடற்றொழிலாளி பஸ்தியாம்பிள்ளை, நாலு வயது மகளோடு தண்ணீர் அள்ளப் போயிருந்தார். மனைவி கத்தரின் கொட்டிலுக்குள் இருந்தாள்.

அவளுக்குச் சவப்பெட்டி அடித்தவரும் ஏரம்புதான். ஊரில் வேறு தச்சன் இல்லை. பஸ்தியாம்பிள்ளை அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். பீரங்கி தன் கைவேலை என்று ஏரம்பு சொல்லவில்லை. அந்தக் கிழமையே பஸ்தியாம்பிள்ளை மகளோடு வள்ளமேறித் தமிழ்நாட்டுக்குப் போய்விட்டார்.

வருசங்கள் கழித்து, போன வருசம்தான், அகதி முகாமிலிருந்து திரும்பி வங்காலையில் வீடு கட்டிக்கொண்டிருந்த பஸ்தியாம்பிள்ளை, கதவு செய்விக்க ஏரம்புவைத் தேடி வந்தார்.

"கிட்டவும் தச்சர் இருக்கினம். ஆனா என்ர மனுசிக்குக் கடைசியாச் செய்த கை உங்கட கை. அதுதான் வந்தனான்."

ஏரம்பு கதிரையைத் துடைத்துப் போட்டார். பஸ்தியாம்பிள்ளை அதில் இருந்ததும், தான் நின்றபடியே சொன்னார்: "அந்தப் பீரங்கியைச் செய்ததும் இந்தக் கைதான்."

பஸ்தியாம்பிள்ளை நிலத்தைப் பார்த்தபடி தணிந்த குரலில் பேசினார்.

"நான் அதைத் தொட்டுப் பாத்தனான் அண்ணை. கத்தரின் பயந்து, வேற இடம் போவமெண்டு கரைச்சல்பட்டவள். நான் போய் விரலால தட்டினன். மரம். 'விசரி, இது வெறும் பனங்குத்தி, இதுக்கு ஆர் குண்டு போடப்போறான்? இதுதான் நல்ல இடம்' எண்டு சொல்லி அவளை இருக்கவைச்சனான்."

ஏரம்பு பட்டறை வாங்குப் பலகையில் குந்தினார்.

"ஏனண்ணை அவ்வளவு வடிவாச் செய்தனீங்கள்?" என்று பஸ்தியாம்பிள்ளை கேட்டார். குரலில் கோபம் இல்லை. பதிலுக்கு நிற்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இனி வரமாட்டார் என்று தெரிந்தும் ஏரம்பு வேப்பம்பலகை எடுத்துக் கதவைச் செய்து முடித்து, வங்காலைக்குச் சொல்லியனுப்பினார். ஒரு மாதம் கழித்து பஸ்தியாம்பிள்ளையின் மகள் சுவேதினி லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் வந்து இறங்கினாள். முகவெட்டு தாயினது.

"அப்பா எல்லாம் சொன்னவர்," என்றாள். "வாற சனிக்கிழமை அம்மாவின்ர நினைவுப் பூசை. உங்களை வரச்சொல்லி அப்பா சொல்லேல்லை. வரவேண்டாமெண்டும் சொல்லேல்லை."

"நீங்கள் என்ன சொல்லுறீங்கள் பிள்ளை?"

அவள் வண்டியில் ஏற்றக் கதவின் ஒரு பக்கத்தைத் தூக்கினாள். "எனக்கு அம்மாவின்ர முகமே ஞாபகமில்லை ஐயா. நான் என்னத்தைச் சொல்ல?"

சனிக்கிழமை ஏரம்பு வங்காலைக்கு பஸ் ஏறினார். பூசை முடியும்வரை கோயிலுக்கு வெளியே வெயிலில் நின்றார். சனத்தோடு வெளியே வந்த பஸ்தியாம்பிள்ளை அவரைக் கண்டார். தலையை மட்டும் ஒருதரம் அசைத்துவிட்டு, மகளோடு மெழுகுதிரி கொளுத்தச் சேமக்காலைப் பக்கம் நடந்தார். அங்கே கத்தரினின் கல்லறை இல்லை. ஏரம்புவின் ஊருக்கு வெளியே அவளைப் புதைத்த இடம் காடாகிவிட்டது; தேடிப் போனவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.