குடலைக் குத்திய கொடுவா முள்

வயிற்றுக்குள் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது, சகோதரர்களே. நானோ வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அதுதான் என் பெரிய நோய்.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு நோன்பு மாதம். நான் கடலோரக் கல்முனைக்குடியில் பிறந்தவன். வயல் ஊரான சம்மாந்துறையில் கலியாணம் முடித்து, எங்கள் வழக்கப்படி மனைவி வீட்டில் குடியேறியவன். வயல்காரர் மீன் தின்பது, முள்முள்ளாய்த் தேடிப் பேன் பார்க்கிற மாதிரி என்று அந்த வீட்டாரைச் சீண்டாத நாளில்லை.

பதினேழாம் நோன்பன்று, விடியமுன் சாப்பிடும் சஹருக்கு எழும்பப் பிந்திவிட்டது. பள்ளியில் சுபஹ் தொழுகைக்கு வாங்கு சொல்லி அழைக்குமுன் முடிக்க வேண்டும். சோறும் கொடுவா மீன்கறியுமாய் அள்ளி விழுங்கினேன். தொண்டையில் முள் குத்தியது. மனைவி வெறுஞ்சோற்றை உருட்டித் தந்தாள். விழுங்கினேன். முள் இறங்கியது. வாங்கும் கேட்டது. ஒன்றும் நடக்காதவன்போல் கைகழுவினேன்.

நாலாம் நாள் வயிறு கல்லானது. காய்ச்சல். நிமிர ஏலவில்லை. ஆஸ்பத்திரியில் என்ன சாப்பிட்டீர்கள் என்று டொக்டர் கேட்டார். கடற்கரையில் பிறந்தவன் மீன்முள் சிக்கியது என்று எந்த வாயால் சொல்வது? நோன்புதான் டொக்டர் என்றேன். நோன்பின்மேல் பழி போட்டேன், அல்லாஹ் மன்னிக்கட்டும். அவர் வயிற்றெரிவுக்கு மருந்தெழுதினார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே சுருண்டேன். உயிர் கழல்வது தெரிந்தது. பிள்ளைகள் இரண்டின் முகமும் வந்து நின்றது. அப்போதும் வாய் திறக்கவில்லை. உள்ளத்தால் கேட்டேன்: யா அல்லாஹ், எனக்குள் கிடப்பது உனக்குத் தெரியும், இவர்களுக்கும் தெரியவை.

கேட்டு முடியவில்லை, பக்கத்திலிருந்த மனைவி எழும்பினாள். அன்னிய ஆண்களோடு கதைத்தறியாதவள். முக்காட்டை இழுத்துவிட்டு டொக்டரை வழிமறித்தாள்.

“டொக்டர், இவரு செல்லமாட்டாரு. மீன்முள்ள முழுங்கின. நாலு நாளாகுது.”

டொக்டர் என்னைப் பார்த்தார். ஓம் என்று தலையாட்டினேன்.

அன்றே வயிற்றைத் திறந்தார்கள். முள் குடலைத் துளைத்து நின்றதாம். இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால் காப்பாற்ற ஏலாது என்றார் டொக்டர்.

கண் விழித்தேன். முன்னால் அவள்.

“சுகமாகி வாங்க. உங்களுக்கும் பேன் பாக்கப் பழக்கிறன்.”

சிரித்தேன். தையல் இழுத்தது. அழுதேன்.

அல்ஹம்துலில்லாஹ். என்னைப் படைத்த ரப்பு, நான் கேட்ட துஆவுக்குப் பதில் சொல்ல என் வீட்டு நாவையே தேர்ந்தான். இதைவிட என்ன கண்ணியம் வேண்டும் எனக்கு? ஆண்கள் கூடிய சபையில் மனைவியின் பெயரை எங்கள் பக்கத்தில் சொல்வதில்லை. நான் சொல்கிறேன், நெஞ்சு நிமிர்த்திச் சொல்கிறேன்: ஹாஜரா. அன்றிலிருந்து அவளிடமும் என் ரப்பிடமும் நான் எதையும் மறைத்ததில்லை.

நீங்களும் அவனிடம் கேளுங்கள். பதில் யார் வாயால் வரவேண்டும் என்று மட்டும் நிபந்தனை போடாதீர்கள்.