அண்ணன் வாய்க்கு அடுக்கிய பல்

பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் பல் செட் செய்கிறவருக்கு எல்லோரும் வைத்த பெயர் சாது. ஊரார் வாய்க்கெல்லாம் பல் கட்டித் தருகிற மனுஷன், தன் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல இருப்பார். சாந்தம் என்றால் இவர்தான் என்று சர்ச் சபையிலும் இவரையே கைகாட்டுவார்கள். பாவம், அந்த மண்டைக்குள் நடக்கிற சண்டை அவர்களுக்கு எங்கே தெரியும்?

சண்டை சொந்த அண்ணனோடு. பதினோரு வருஷத்துக்கு முன்னால், அப்பாவின் அடக்க ஆராதனையில் இரண்டு வார்த்தை பேசச் சாது எழுந்தார். ஒரு வார்த்தைகூட வரவில்லை, திருதிருவென்று முழித்தார். முன்வரிசையில் அண்ணன் இடது ஓர உதட்டைத் தூக்கிச் சிரித்தார். அன்றிலிருந்து மெழுகை உருக்கும்போதும் பல்லைத் தேய்க்கும்போதும் சாது அந்தச் சிரிப்பை மனசுக்குள் ஓட்டிப் பார்த்து, நறுக்கென்று நாலு பதில் கொடுப்பார். நேரில் பார்த்தால் மட்டும் "நல்லா இருக்கீங்களாண்ணா" என்று கேட்டுவிட்டு நழுவிவிடுவார். வாயால் ஒன்றும் சொல்லவில்லையே, அப்புறம் என்ன பாவம் என்று நினைப்பு.

இப்போது அந்த அண்ணனுக்கே மேல்வரிசைப் பல் மொத்தமும் போய்விட்டது. சனிக்கிழமை மகளுக்குக் கல்யாணம். பொக்கை வாயோடு மகளைக் கைபிடித்துக் கூட்டிப் போக மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். டாக்டரம்மா வாய் அச்சோடு ஒரு பழைய போட்டோவையும் உறையில் போட்டு அனுப்பினார். பல் இருந்த காலத்துச் சிரிப்பைப் பார்த்துத்தான் சாது எப்போதும் பல் அடுக்குவார். இந்தத் தடவை உறையைப் பிரிக்கவே இல்லை. எனக்குத் தெரியாத மூஞ்சியா என்று விட்டுவிட்டார்.

மெழுகில் அடுக்கிய பல்லை வாயில் வைத்துப் பார்க்கும் நாள் வந்தது. அண்ணி கண்ணாடியை நீட்டினார். அண்ணன் சிரித்தார். இடது ஓரத்துப் பல் ஒரு நூல் மேலே ஏறி, யாரையோ நக்கல் பண்ணுகிற மூஞ்சியாக இருந்தது.

"இது அவர் சிரிப்பே இல்லையே, தம்பி," என்றார் அண்ணி.

சாதுவுக்கா தெரியாது அந்தச் சிரிப்பு? போன ஞாயிறுதான் போதகர் சொன்னார், உள்ளுக்குள் எதை ஓயாமல் நினைக்கிறோமோ அப்படித்தான் ஆவோம், அங்கேதான் ஆண்டவர் பார்க்கிறார் என்று. பக்கத்து வரிசைக்காரருக்கு நன்றாக உறைக்கட்டும் என்று சாது தலையாட்டியிருந்தார்.

"வேணும்னே பண்ணினியா?" அண்ணன் மெதுவாகக் கேட்டார்.

கை தவறிவிட்டது என்றால் யாராயிருந்தாலும் நம்புவார்கள். சாதுவாயிற்றே.

"வேணும்னு பண்ணலண்ணா. ஆனா கை தவறவும் இல்ல. அப்பா அடக்கத்துல சிரிச்சீங்களே, அந்த மூஞ்சியத்தான் இத்தன வருஷமா மனசுல வச்சிருந்தேன். தினமும் உங்களத் திட்டிட்டுதான் இருந்தேன். நான் சாதுவெல்லாம் இல்லண்ணா."

டாக்டரம்மா பஞ்சு எடுக்கிற சாக்கில் வெளியே போய்விட்டார்.

"சிரிச்சேன்தான்," என்றார் அண்ணன், மெழுகுப் பல்லோடு குழறியபடி. "வீட்டுக்குப் போனதும் வெக்கமா இருந்துச்சு. மன்னிப்பு கேக்கலாம்னு வந்தா, நல்லா இருக்கீங்களான்னு கேட்டுட்டு ஓடிடுவ. நான் எங்க போய்ச் சொல்றது?"

சாது முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். பல்லைக் கழற்றி வாங்கிக்கொண்டு அண்ணனை நன்றாகப் பார்த்தார். கன்னம் ஒட்டிப் போயிருந்தது, காதோர முடி வெளுத்திருந்தது. எப்போது இப்படிக் கிழவனாகிப் போனார்? அண்ணன்மேல் அவ்வளவு பாசம் தனக்குள் மிச்சமிருந்தது அவருக்கே தெரியாது.

"மன்னிச்சிருங்கண்ணா. இப்பவே மாத்தி அடுக்கறேன். ஒரு தடவ சிரிங்க."

"ஒரு தடவ சிரிச்சதுக்குப் பதினோரு வருஷம் பட்டாச்சு. இன்னொரு தடவையா?"

சாதுவால் அடக்க முடியவில்லை, வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அதைப் பார்த்து அண்ணனும் பொக்கை வாயை மூட மறந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சாது மெழுகைச் சூடாக்கி, அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்து இடது ஓரத்துப் பல்லை இறக்கி வைத்தார்.