பால் பொங்கியதும் மாற்றிய முகவரி

எங்கள் பனியன் கம்பெனியின் வெப்சைட்டை வீடியோ பார்த்து வீடியோ பார்த்து நான்தான் செய்தேன். மொத்தம் நாற்பது பக்கம். ஸ்டேட்டிக் சைட் ஜெனரேட்டர் என்ற மென்பொருளில் ஒவ்வொரு பக்கத்தையும் தனியாகக் கட்ட வேண்டியதில்லை. எல்லாப் பக்கங்களுக்கும் தலையும் காலும் டெம்ப்ளேட் என்ற ஒரே அச்சில் இருக்கும். கம்பெனி பெயர், முகவரி எல்லாம் செட்டிங்ஸ் ஃபைலில் ஆளுக்கொரு வரிபோல ஒவ்வொன்றும் ஒரே வரி. அந்த வரியை மாற்றி ஒரு கட்டளை கொடுத்தால் நாற்பது பக்கமும் புதிதாக வந்துவிடும்.

அனுப்பர்பாளையத்திலிருந்து திருமுருகன்பூண்டிப் பக்கம் புதுக் கட்டடத்துக்கு மாறியபோது, அந்த ஒரு வரியை நம்பித்தான் முதலாளிக்கு வாக்குக் கொடுத்தேன். பால் காய்ச்சுவதற்கு முன் புது முகவரியை எங்கும் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். நல்ல நேரம் ஒன்பதேகாலுக்கு. எங்களிடம் பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் அம்மா கோவையில் இறங்கி, வழியில் வெப்சைட்டில் இடம் பார்த்துப் பத்து மணிக்கு வருகிறார். கட்டடம் பிடித்தால்தான் அடுத்த சீசன் ஆர்டர். மதியமே அவருக்குத் திரும்பும் விமானம்.

"பால் பொங்குனதுக்கப்புறம் மாத்துனா நேரம் பத்துமா கண்ணு?" என்றார் முதலாளி.

"ஒரே வரிதாங்கண்ணா. ரெண்டு நிமிசம்."

"ஒரு வரி மாத்தறதுக்கா உன்னைய காலேஜுக்கு அனுப்புனோம்?" என்றார் அம்மா. அதே கம்பெனியில், தைத்த பீஸில் குறை இருக்கிறதா என்று செக்கிங் பார்க்கிறார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் என்பதால் இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பஞ்சமே இல்லை.

பால் பொங்கியது. வரியை மாற்றினேன், கட்டளை கொடுத்தேன். முகப்புப் பக்கத்தின் அடியில் புது முகவரி. நிம்மதியாகப் பால் குடித்தேன்.

பத்து மணி தாண்டியும் யாரும் வரவில்லை. பையரின் டிரைவர் போன் செய்தார். "ஏனுங்க, நீங்க போட்ட எடத்துலதான் நிக்கறோம். பூட்டு தொங்குதுங்க."

'தொடர்புக்கு' பக்கம்! டெம்ப்ளேட் கற்றுக்கொள்வதற்கு முன் நான் செய்த முதல் பக்கம் அது. முகவரியைக் கையாலேயே அடித்திருந்தேன். கையால் அடித்ததை செட்டிங்ஸ் எப்படித் தொடும்?

"ரெண்டு நிமிசம்," என்றார் முதலாளி. அதுவே போதுமாக இருந்தது. நான் பைக்கை உதைக்கும்போது அம்மா கேட்டார்: "ஒரு பீஸப் பாத்துட்டு லாட்டு பூரா பாஸ்னு போட்டுட்டயா?"

பழைய கட்டடத்திலிருந்து காருக்கு வழிகாட்டிக்கொண்டு திரும்பி வந்தேன். பையர் அம்மா இறங்கியதும் எங்கள் கேட்டைப் பார்த்துச் சிரித்தார். போனை நீட்டினார். அதில் வாழைமரம் கட்டிய இதே கேட். போகிற வழியில் கல்யாண வீடென்று நினைத்துப் படம் எடுத்திருக்கிறார்!

"கல்யாணமான்னு கேட்டாங்க. நானும் ஆமான்னுட்டேனுங்க," என்றார் டிரைவர்.

முதலாளி போனை வாங்கிப் படத்தில் நேரம் பார்த்தார். ஒன்பது ஐம்பது. "பால் பொங்குனதுக்கப்புறந்தான் வாசலுக்கு வந்திருக்காங்க," என்று முகம் மலர்ந்தார். பையர் அம்மா எல்லாத் தளமும் சுற்றிப் பார்த்தார். அடுத்த சீசன் இங்கேயே ஓடட்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

'தொடர்புக்கு' பக்கத்தைத் திருத்தியதும் லேப்டாப்பை மூடப் போனேன். அம்மா விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நாற்பதையும் ஒவ்வொன்றாகத் திறக்க வைத்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. முப்பத்தொன்றாவது பக்கத்தில் என் கையைப் பிடித்தார்.

"இதுல அடி வரி மட்டும் மத்ததவிட நீளமா இருக்குது."

பழைய முகவரிதான்; இதையும் கையால் அடித்திருக்கிறேன். துணியில் ஓட்டை இருந்தால் ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கரை உரித்து, திரையில் அந்த வரிக்கு நேராக ஒட்டிவிட்டு எழுந்து போனார்.