பல்லக்குச் சரிந்த காணொளி

பிள்ளையொன்று சக மாணவரால் துன்புறுத்தப்படுவதாக எழுத்தில் முறைப்பாடு கிடைத்தால், பெற்றுக்கொண்டதைப் பாடசாலை உடனே அறிவிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் விசாரித்து முடிவை எழுத்தில் தர வேண்டும். விசாரணை முடியும்வரை சான்று எதையும் அழிக்கக்கூடாது. ஓய்வுபெறும்வரை கல்விக் கந்தோரில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இந்த விதியை நான் பலருக்கு விளக்கியிருக்கிறேன். சிலர் விளங்கியதுபோலத் தலையாட்டியும் இருக்கிறார்கள்.

சென்ற வருடம் என் பேத்தி பெரியபிள்ளையாகி, அவளுக்குச் சாமத்தியச் சடங்கு நடந்தது. என் மகளின் ஒரே பிள்ளை அவள். தகப்பன் சுவிஸில். அவருக்கு விடுமுறை கிடைக்கவில்லை, ஆகவே எல்லாவற்றையும் தொலைபேசியில் திட்டமிட்டார். பிள்ளைக்கு ஒரு கிரீடமும், ஏறிவர ஒரு பல்லக்கும் ஏற்பாடாயின. மண்டப வாசலில் சுமந்தவர்களில் ஒருவர் கால் இடற, பல்லக்கு ஒருபக்கம் சரிந்தது. கிரீடம் கண்வரை இறங்கிவிட, அவள் வாயைப் பிளந்து அலறினாள். விழவில்லை. எல்லோரும் சிரித்தோம், அவளும் சிரித்தாள். வெளிநாட்டுச் சொந்தக்காரர் பார்க்கட்டும் என்று படப்பிடிப்பாளர் அந்தத் துண்டை வெட்டி, பாட்டுச் சேர்த்து, தன் முகநூல் பக்கத்தில் எல்லோரும் காணும்படி போட்டார். எங்களிடம் சம்மதம் கேட்டுத்தான் போட்டார். அவளிடம் கேட்க வேண்டும் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கியபோது, அது வகுப்புப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டிருந்தது. அவள் அலறும் முகத்தை யாரோ ஸ்டிக்கராக்கியிருந்தார்கள். நாளைக்குக் கணிதச் சோதனை என்று ஒருவன் எழுதினால் பதிலுக்கு அவள் முகம். மழை வருகிறது என்றாலும் அவள் முகம். வகுப்புக்குள் நுழைந்தால், "மகாராணி வாறா, தோளைக் குடுங்கடா!" என்று இரண்டு பேர் குனிந்து நிற்பார்களாம்.

அந்த வருடம்தான் அவளைப் பாடசாலை வலைப்பந்து அணியில் முதன்முதலாகச் சேர்த்திருந்தார்கள். அந்த இடத்தை விட்டுவிடக்கூடாது என்பதுதான் அவளுடைய ஒரே கவலை. என்னிடம் வந்தாள்.

"அம்மப்பா, அந்தப் படம் பிடிச்ச அண்ணைட்டைச் சொல்லி உதை அழிப்பியுங்கோவன்."

"அழிச்சால் எதை வைச்சு விசாரிக்கிறது? அது ஆதாரம், பிள்ளை."

"அம்மான்ரை போனிலை ஒரு பிரதி எடுத்து வைச்சிருக்கு."

"பிரதி காணாது. மூலம் இருக்க வேணும்."

"எனக்கு விசாரணை வேண்டாம், அம்மப்பா. அழிச்சால் காணும்."

"பொறு. எல்லாம் முறைப்படி நடக்கும்."

முறைப்படி நடந்தது. பதிவுத் தபாலில் பாடசாலை அதிபருக்கு ஒரு கடிதம், வலயக் கல்விக் கந்தோருக்கு ஒரு பிரதி, இணைப்பாக அச்சிட்ட படங்கள். காணொளியின் முகவரியையும், விசாரணை அதிகாரி நேரில் பார்வையிடலாம் என்ற குறிப்புடன், சேர்த்திருந்தேன். அதிகாரி பார்வையிட்டாரோ தெரியாது. மற்றவர்கள் பார்வையிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

பதில் வராததால் அதிபரைப் பார்க்கப் போனேன். தேத்தண்ணி தந்தார்.

"சேர், உங்களுக்குத் தெரியாததே? பள்ளிக்கூடத்துக்குள்ளை போனுக்குத் தடை. உது வெளியிலை நடந்த சம்பவம். பிள்ளையள் பகிடிக்குச் செய்தது."

"பகிடியெண்டால் அவளும் சிரிக்க வேணுமெல்லே?"

"அது சரிதான். கடிதத்தை வலயத்துக்குப் பாரப்படுத்தியிருக்கிறன். அறிவுறுத்தல் வரட்டும்."

வலயக் கந்தோரில், நான் ஒருகாலம் வேலை பழக்கிய எழுதுவினைஞர் எழுந்து நின்று வரவேற்றார். "ஐயா, அதிபற்றை அறிக்கை வரவேணும். வந்தவுடனை மேலை போடுவம்." அதிபர் வலயத்தையும் வலயம் அதிபரையும் பார்த்துக்கொண்டிருந்தன. இதை அந்தக் காலத்தில் நானும் ஒழுங்கு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து ஒரு நினைவூட்டல் எழுதினேன். அதன்பின் நினைவூட்டலுக்கு ஒரு நினைவூட்டல்.

இதற்கிடையில் வலைப்பந்துப் பயிற்சியில் அவள் பந்தை எறியக் கையை உயர்த்தும்போதெல்லாம் ஓரத்திலிருந்து, "கவனம், சரியுது, சரியுது!" என்று கத்தத் தொடங்கியிருக்கிறார்கள். பொறுப்பாசிரியை அவளைக் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொன்னார். கத்தியவர்களுக்கு ஓய்வு கொடுக்கப்படவில்லை. அவள் இடத்துக்கு வேறொரு பிள்ளை வந்தாள். அன்று வீட்டுக்கு வந்தவள் காலில் கிடந்த விளையாட்டுச் சப்பாத்தைக் கழற்றிக் கழுவி, வெயிலில் காயவைத்து, பெட்டியில் போட்டு மூடினாள். பிறகு தாயின் தொலைபேசியை எடுத்து, எனக்கு முன்னாலேயே படப்பிடிப்பாளரை அழைத்தாள்.

"அண்ணை, அந்தப் பல்லக்கு வீடியோவை எடுத்துவிடுவியளே?"

"ஓம் தங்கச்சி, உதுக்கென்ன? இந்தா, இப்பவே எடுக்கிறன். உதை முதலே சொல்லியிருக்கலாமே."

அவர் எடுத்துவிட்டார். அதற்குச் செலவான நேரத்தில் நான் ஓர் உறையில் முத்திரை ஒட்டி முடித்திருக்க மாட்டேன். அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. "இனி என்ன, எல்லாற்றை போனிலையும் இருக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் கேட்ட அன்றே அழித்திருந்தால் எல்லாம் நின்றிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவள் கேட்டது நடந்தது என்றாவது அவளுக்குத் தெரிந்திருக்கும். அதற்குப் பதிலாக, தன் முகம் ஒரு கோப்புக்குத் தேவைப்படுகிறது என்பதை என்னிடமிருந்துதான் அவள் தெரிந்துகொண்டாள்.

வருட முடிவில் விலகல் பத்திரம் வாங்கினோம். அதை ஒரே நாளில் தந்தார்கள். சாவகச்சேரியில் தகப்பனின் தங்கை வீட்டில் தங்கிப் படிப்பதென்று முடிவானது. அங்கும் வலைப்பந்து அணி இருக்கிறதாம் என்றேன். "இருக்கட்டும்," என்றாள்.

பிறகுதான் வலயத்திலிருந்து பதில் வந்தது. குறித்த மாணவி பாடசாலையிலிருந்து விலகியுள்ளமையால் விசாரணை அவசியமற்றது எனக் கருதப்பட்டு, கோப்பு முடிவுறுத்தப்படுகிறது. வசனத்தில் ஒரு பிழையும் இல்லை. கடிதத்தில் எந்தத் திகதி போட்டிருந்தாலும், என் கைக்கு அது வந்து சேர்ந்தது தைப்பொங்கல் கழிந்த திங்கட்கிழமை, காலையில் அவளைச் சாவகச்சேரி பஸ்ஸில் ஏற்றிவிட்டு நான் வீடு திரும்பிய நாள்.