நூற்றுக்கு எத்தனை பேர் வெளிநாட்டில்?

எந்த நாட்டுப் பல்கலைக்கழகப் பிள்ளைகள் எத்தனை பேர் வெளிநாட்டில் படிக்கிறார்கள் என்று கேட்டால் வினாயகமூர்த்தி நித்திரையிலும் சொல்லுவான். அவன் போன ஆகத் தூரமான வெளிநாடு, மட்டக்களப்பு வாவிக்கு அக்கரையில் இருந்த பல்கலைக்கழகம். யுத்தம் நடந்த தொண்ணூற்றாறில், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து அங்கே போக ஒரு தோணியும் அடையாள அட்டையும் ஒரு சோதனைச்சாவடியும் வேண்டும். பாஸ்போர்ட் மட்டும்தான் கேட்கவில்லை.

அங்கே அவன் தற்காலிக உதவி விரிவுரையாளன். அந்த வருடம் மேற்படிப்புக்கு வெளிநாட்டுப் புலமைப்பரிசில் ஒன்று வந்தது. ஒரே ஓர் இடம். கருத்தரங்கில் நல்ல கட்டுரை வாசிப்பவரைச் சிபாரிசு செய்வதாகப் பேராசிரியர் சொல்லிவிட்டார். வினாயகமூர்த்தி பழைய புள்ளிவிபர ஆண்டுப் புத்தகங்களைக் குடைந்து பெரிய சார்ட் ஒன்று வரைந்தான். இந்தியா, சீனாவிலிருந்து கூட்டமாகப் போனாலும் நூற்றுக்குக் கணக்குப் பார்த்தால் சொற்பம். சைப்பிரஸ், மலேசியா மாதிரிச் சின்ன நாடுகள்தான் பிள்ளைகளை அள்ளி அனுப்புகின்றன. அந்தப் பிள்ளைகளைத் தானே விமானம் ஏற்றிவிட்டதுபோல் அவனுக்கு ஒரு நடப்பு.

கருத்தரங்குக்குப் புறப்பட்ட காலையில் மனைவி சீதேவிப்பிள்ளை வாசலில் மறித்தாள்.

"எங்க போறீங்க எண்டு ஆரும் கேட்டாச் சொல்லிப்போடாதீங்க. போற காரியம் சரிவராது."

"ஓம், ஓம். நான் என்ன சின்னப்பிள்ளையா?"

நல்ல காரியத்துக்குப் போகிறவன் போகுமிடத்தைச் சொன்னால் அந்தப் பக்கத்தில் ஆகாது. தோணிக்காரர் கோணாமலைக்கும் அவன் வாய் திறக்கவில்லை. அக்கரைச் சாவடியில் ஆமிக்காரன் கேட்டான்.

"எங்க போறது?"

"சும்மா, இஞ்சதான்," என்று வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

ஆமிக்காரன் சார்ட்டை விரித்தான். நாடுகளின் பெயர், சிவப்பு நீலக் கட்டங்கள், எண்கள். சும்மா இஞ்ச போகிறவனுக்கு எதற்கு இத்தனை நாடு? பிறகு சொன்ன உண்மையை நம்ப ஆளில்லை. உலகத்துக்கே கணக்குச் சொல்ல வந்த பெரிய மனிதன், ஒரு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியாமல் சாவடி வாங்குப் பலகையில் குந்தியிருந்தான். மணி பத்தாகிப் பதினொன்றானபோது கண் கலங்கிவிட்டது. ஆங்கிலம் தெரிந்த அதிகாரி ஒருவர் வந்து, சார்ட்டை வாசித்துச் சிரித்து அனுப்பும்போது பின்னேரம் மூன்று மணி.

கருத்தரங்கு முடிந்திருந்தது. கூட வேலை செய்த வோல்ட்டரைச் சிபாரிசு செய்தாயிற்று. வோல்ட்டர் நல்லவன். கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டான். பிறகு தயங்கித் தயங்கி, "மூர்த்தி, கொழும்பில இன்டர்வியூ இருக்கு. இந்தச் சார்ட்டைத் தாறியா?" என்றான்.

வினாயகமூர்த்தி சார்ட்டைக் கசங்காமல் சுருட்டினான். கொடுத்துவிட்டான்.

ஐந்தாறு மாதம் கழித்து வெளிநாட்டு முத்திரையோடு கடிதம் வந்தது. சார்ட்டை வோல்ட்டர் தன் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறானாம். பார்க்கிறவர்கள் எல்லாம் எழுத்து நல்ல வடிவு என்கிறார்களாம்.

"என்னவாம் வோல்ட்டர்?" என்று சீதேவிப்பிள்ளை கேட்டாள்.

"ஒண்டுமில்ல. என்ட கையெழுத்து அங்க போய்ச் சேந்திற்றாம்."

சொல்லிவிட்டுச் சிரிக்கத்தான் பார்த்தான். அழுகைதான் வந்தது.