ஓர் அடிக்குறிப்பில் அம்மா

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டிலிருந்து நாலு சந்து தள்ளி இருந்தது அம்மா வேலை பார்த்த சுக்குக் கிடங்கு. அப்பா கார்ப்பரேஷனில் சாக்கடை சுத்தம் செய்யும் வேலையில் இருந்தவர். நான் பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே இறந்துபோனார். அதன்பிறகு அம்மாவின் கூலியில்தான் நானும் தங்கையும் படித்தோம். கல்லூரியில் இரண்டாம் மொழியாக பிரெஞ்சு எடுத்தால் மார்க் அள்ளலாம் என்று யாரோ சொன்னார்கள். மார்க்குக்காகத் தொட்டது என்னைப் பிடித்துக்கொண்டது. பாண்டிச்சேரிக்குப் போய் மேலே படித்தேன். எண்ணூறு வருடத்துக்கு முந்தைய பிரெஞ்சுக் கதைப்பாடல்களில் ஆராய்ச்சி செய்து, தொண்ணூறுகளின் நடுவில் டாக்டர் பட்டத்தோடு அதே வீட்டுக்குத் திரும்பி வந்தேன்.

பக்கத்தில் தேவராவில் ஒரு கல்லூரியில் தற்காலிக வேலை கிடைத்தது. 'என் பெயர் இன்னது, எங்கள் வீட்டில் ஒரு பூனை இருக்கிறது' என்று தினமும் மூன்று வகுப்புகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பக்கத்து மேசை ஆசிரியை ஒருநாள் கேட்டார்.

"டீச்சரே, அந்தப் பழைய பிரெஞ்சு இப்ப ஆரு பேசுறா?"

"ஆரும் இல்ல, சேச்சி."

"பின்னே எதுக்காக்கும் படிச்சே?"

சிரித்து வைத்தேன். ஒரு வரி பிடித்திருந்தால் அதைப் படித்துக்காட்ட இந்த ஊரில் ஓர் ஆள் கிடையாது. பஸ்ஸில் வரும்போது எனக்கு நானே முணுமுணுப்பேன். பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் தள்ளி உட்காருவார்.

அப்போது நான் வாசித்துக்கொண்டிருந்தது யார் எழுதியது என்றே தெரியாத ஒரு கதைப்பாடல். அதில் தூது வந்தவன் ஒருவனின் கைகள் 'இஞ்சிக்காரன் கைபோல் வெளுத்திருந்தன' என்று ஒரு வரி. பதிப்பித்தவர்கள் எல்லோரும் அதைப் படியெடுத்தவனின் பிழை என்று முடிவு கட்டி, 'வெளுத்த' என்பதை 'மஞ்சளித்த' என்று திருத்தியிருந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த இஞ்சி மஞ்சள் நிறம்தான். நான் அந்த வரியில் நின்றேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கைகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, சுக்கு வேலை பாக்குறவங்க கை என்ன நிறம்?"

"இது என்ன கேள்வி? நாள் முழுக்கச் சுண்ணாம்புத் தண்ணியில இஞ்சிய முக்கி எடுத்தா வெளுக்காம பின்னே? காணலியா?"

கண்டுகொண்டுதான் இருந்தேன், சிறுவயது முதல்.

ஒரு மாதத்தில் கட்டுரை எழுதி பிரான்சில் ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். அதன் ஆசிரியர் ஒரு வயதான பேராசிரியர். கைப்பட பதில் எழுதியிருந்தார். வாதம் சரியாகவே இருக்கிறது, ஆனால் இந்தத் தகவலைத் தந்தவர் யார் என்று பெயரோடு குறிப்பிட வேண்டும் என்றார். அம்மாவிடம் சொன்னேன்.

"பேரா? வேண்டாம் மோளே. தங்கச்சிக்குத் திருப்பூணித்துறையில இருந்து கல்யாண ஆலோசனை வந்திருக்கு. நான் துணிக்கடையில நிக்கிறேன்னுதான் அவங்ககிட்ட சொல்லியிருக்கு. சுக்கு சுரண்டுறவள்னு அச்சுல வந்தா கல்யாணம் நடக்குமா?"

"அது பிரான்சுல வர்ற புஸ்தகம்மா. திருப்பூணித்துறையில ஆரு வாசிப்பா?"

"இங்க நீ வாசிக்கலியா? உன்ன மாதிரி அங்கயும் ஒருத்தி இருப்பா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. நான் அதற்குமேல் வற்புறுத்தவும் இல்லை. என்னைக் கல்லூரியில் சேர்க்க வந்த அன்று அவள் கைகளைச் சேலைத் தலைப்புக்குள்ளேயே வைத்திருந்தாள்.

'கொச்சியில் இருபது வருடங்களாகச் சுக்கு வேலை செய்யும் ஒரு பெண் தந்த தகவல்' என்று அடிக்குறிப்பு அச்சானது. பேராசிரியர் மறுபடி எழுதினார். அப்படி ஒருவர் கிடைத்தது உங்கள் அதிர்ஷ்டம், அவரை எங்கே சந்தித்தீர்கள், என் நன்றியைச் சொல்லுங்கள் என்று. 'எங்கள் ஊர்ச் சந்தையில்' என்று பதில் போட்டேன். நன்றியை அம்மாவிடம் சொன்னேன். "நல்லது" என்றாள்.

அதற்கப்புறம் நாலு வருடம் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. அந்த வரிகளைப் பற்றி நான் பேச முடிந்த ஒரே மனிதர் அவர். மனைவியின் முழங்கால் வலி, தோட்டத்துப் பேரிக்காய் மரம் எல்லாம் எழுதுவார். நான் வினைச்சொற்களைப் பற்றி மட்டும் எழுதுவேன். முதலில் சொன்ன பொய்க்குப் பின் வீட்டைப் பற்றி ஒரு வரிகூட எழுத வரவில்லை.

இதற்கிடையில் தங்கையின் கல்யாணம் நடந்து, அவள் திருப்பூணித்துறைக்குப் போனாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர். ஒருநாள் மீன் கழுவிக்கொண்டே அம்மா சொன்னாள்:

"கல்யாணம் கழிஞ்சாச்சுல்ல. இனி என் பேரைப் போட்டுக்கோ."

அச்சானதை மாற்ற முடியாது என்று தெரிந்தும் "சரிம்மா" என்றேன். அந்தப் பாடலைப் பேராசிரியர் புதிதாகப் பதிப்பிக்கத் தொடங்கியிருந்தார். அதிலாவது சேர்க்கலாம் என்று உட்கார்ந்து எல்லா உண்மையையும் எழுதி அனுப்பினேன். அவருடைய மகளிடமிருந்து இரண்டு வரி பதில் வந்தது. அப்பா இறந்து ஒன்றரை மாதம் ஆகிறது, பதிப்பு வேலை நின்றுவிட்டது என்று. அன்று கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தேன். யார் இறந்தார் என்று கேட்டால் என்ன உறவென்று சொல்வது?

அம்மா இரண்டு மூன்று முறை கேட்டாள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "பேரு போட்டாச்சா?" என்றபோது "போட்டாச்சும்மா" என்று சொல்லிவிட்டேன்.

"எங்கே, காட்டு."

பழைய இதழை எடுத்து, அந்த அடிக்குறிப்பில், சுக்கு வேலை செய்யும் பெண் என்று வரும் இடத்தில் விரலை வைத்தேன். அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"இந்த பாஷையில என் பேரு இவ்வளவு நீளமா?"

"ஆமாம்மா."

இதழை வாங்கிக்கொண்டு போய் அடுத்த வீட்டுச் சேச்சியைக் கையோடு கூட்டி வந்தாள். அவருக்கும் அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. இருவரும் வாசற்படியில் உட்கார்ந்து பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். நான் சாயா போட உள்ளே போய்விட்டேன்.