சாப்பாட்டு இடைவேளையில் வந்த சாட்சி

கோர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. லப்பைக்குடிக்காட்டிலிருந்து வக்கீல் ஹமீது சாரின் மகன். “அத்தா மௌத்தாயிட்டாங்க மேடம்” என்றார். கறுப்புக் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வெள்ளிக்கிழமைகூட ஒரு வாய்தாவுக்காக என்னோடு மல்லுக்கு நின்ற மனுஷன், இன்று உயிரோடு இல்லை.

பெரம்பலூர் கோர்ட்டில் அவரைத் தெரியாதவர்கள் யார்? விபத்து இழப்பீட்டு வழக்குகளில் அடிபட்டவர்களுக்காக அவர் வருவார். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நான். உள்ளே எலியும் பூனையும்தான். வெளியே வந்தால் எனக்கும் சேர்த்து டீ சொல்லுவார். “குடிங்க மேடம், நாளைக்கும் கத்தணும்ல” என்பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பிடிவாதம், எதிர்த்தரப்பான எனக்கே எரிச்சலாக இருக்கும். சாட்சி கூண்டில் ஏறிவிட்டால், குறுக்கு விசாரணை முடியும்வரை அவரைக் கூட்டிவந்த வக்கீல் அவரோடு வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது. எல்லோருக்கும் தெரிந்த விதி, பாதிப்பேர் மீறுகிற விதி. சாப்பாட்டு இடைவேளையில் மரத்தடியில் சாட்சிக்குப் பாடம் நடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இவர் மட்டும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவார். “நான் வாயைத் திறந்தா அப்புறம் அவர் சொல்றது என் சாட்சியம் ஆயிடும் மேடம்” என்பார்.

செட்டிகுளத்துச் செல்வியின் வழக்கும் அப்படித்தான் நடந்தது. அரியலூர் சாலையில் சைக்கிளில் போன அவள் புருஷன்மேல் சுண்ணாம்புக்கல் லாரி ஏறிவிட்டது. போலீஸ் ‘அடையாளம் தெரியாத வாகனம்’ என்று எழுதிவிட்டது. லாரியைப் பார்த்த ஒரே ஆள், சாலையோரம் டீக்கடை வைத்திருந்த சின்னதுரை. கூண்டில் ஏறி நம்பரைத் தெளிவாகச் சொன்னார். நான் குறுக்கு விசாரணையைத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் சாப்பாட்டு வேளை வந்துவிட்டது.

ஹமீது சார் நின்றிருந்த வேப்பமரத்தடிக்குச் சின்னதுரை ஓடிவந்தார். “சார், ஒரு விஷயம் சொல்லணுங்க.”

“பாதி விசாரணையில இருக்கீங்கய்யா. என்கிட்ட பேசக் கூடாது. எதுன்னாலும் உள்ள சொல்லுங்க.”

“இல்லீங்க சார், அது வந்து...”

ஹமீது சார் நடந்துவிட்டார். பக்கத்து பெஞ்சிலிருந்து நான் பார்த்தேன். சின்னதுரை பேயறைந்த மாதிரி நின்றார். எதிர்த்தரப்புச் சாட்சியிடம் நானும் பேச முடியாது.

மதியம் கூண்டில் ஏறி, “லாரியை நான் பாக்கலீங்க, சத்தம் கேட்டுத்தான் வந்தேன்” என்றார். வழக்கு தள்ளுபடியானது. ஜெயித்தவள் நான்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. கடையை மூடிக்கொண்டு திருப்பூர் போகுமுன் சின்னதுரை ஹமீது சாரிடம் வந்து அழுதிருக்கிறார். “இடைவேளை விட்டதும் லாரிக்காரனுங்க மறிச்சானுங்க சார். உன் பொண்ணு பள்ளிக்கூடம் போற வழி தெரியும்னானுங்க. கோர்ட்டு கடைசி பெஞ்சில வேற வந்து உக்காந்துட்டானுங்க. உள்ள எப்படிச் சொல்றது?”

ஹமீது சார் சென்னை ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போனார். சின்னதுரையை மறுபடி விசாரிக்க அனுமதி கேட்டார். கீழே கொண்டுவந்திருக்கக்கூடிய சாட்சியத்தை மேலே புதிதாக ஏற்க முடியாது என்று அதுவும் தள்ளுபடி. திரும்பி வந்து சொன்னபோது செல்வி ஒன்றுதான் கேட்டாளாம்: “அந்த ஆளு என்ன சொல்ல வந்தாருன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்?”

அதன்பின் டீ குடித்துக்கொண்டே இருப்பார், திடீரென்று “கேட்டிருக்கலாம்ல மேடம்?” என்பார். விதியை அவர் அதற்குப் பிறகும் மீறவில்லை. ஆனால் சாட்சி பாதியில் இருக்கும்போது கோர்ட் இடைவேளைக்குக் கலைந்தால் உடனே எழுந்து நீதிபதியிடம் சொல்வார்: “சாட்சிக்கு ஏதாவது பயம் இருக்கான்னு அய்யா தனியா கூப்பிட்டுக் கேக்கணும்.” யாருடைய சாட்சியானாலும் சரி.

அடக்கத்தன்று அவர் வீட்டு வாசலில் செல்வி நின்றிருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, “வயித்தெரிச்சல்ல ஒரு வார்த்தை கேட்டுட்டேன்மா. சாகுற வரைக்கும் அதையே நெனச்சுக்கிட்டு இருந்தாராமே” என்றாள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, சாட்சிக்குப் பயம் இருக்கிறதா என்ற அந்தக் கேள்வியைத்தான். இந்த வாரமும் ஒரு வழக்கில் எழுந்து நின்று நீதிபதியைக் கேட்கச் சொன்னேன். நீதிபதி அறையிலிருந்து வெளியே வந்த சாட்சி, “ஒண்ணும் பயமில்லீங்க” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்று மரத்தடியில் சின்னதுரை நின்றதைப் பார்த்த என்னால் அதை நம்ப முடியவில்லை.